பாம்பனில் கரையேறிய மூச்சு

1892 முடிந்து 1893 பிறக்கும் சமயம். ராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதியை மதுரையில் ஒரு வங்காளத் துறவி சந்தித்தார். அரசருக்கு வயது 24. ஆங்கிலக் கல்வி பெற்றவர், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவர், கடன் கழுத்தை நெரித்தபோதும் கொடுத்துக்கொண்டே இருந்தவர். துறவிக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. காவியும் கமண்டலமுமாக நாடெங்கும் நடந்துகொண்டிருந்தவர், போகும் ஊருக்கு ஏற்பப் பெயரைக்கூட மாற்றிக்கொண்டிருந்தார். இருவரும் பேசியது நாட்டின் ஏழ்மையைப் பற்றி, கல்வியைப் பற்றி, விவசாயியின் வயிற்றைப் பற்றி. பேச்சின் முடிவில் அரசர் ஒரு யோசனை சொன்னார்: சிகாகோவில் சர்வமத மாநாடு கூடப்போகிறது, அங்கே போய்ப் பேச வேண்டும். அந்த மாநாட்டுக்கு சேதுபதியே போவதாக இருந்ததாகவும், துறவியைப் பார்த்தபின் தன் இடத்தை விட்டுக்கொடுத்ததாகவும் ராமநாதபுரம் பக்கம் சொல்வதுண்டு. எப்படியோ, விதை விழுந்துவிட்டது. முளைக்கத் தண்ணீர் ஊற்றத்தான் கையில் காசில்லை.

காசு சேர்க்கக் கிளம்பியவர் அளசிங்கப் பெருமாள், சென்னைப் பச்சையப்பன் பள்ளி ஆசிரியர். நண்பர்களோடு வீடு வீடாக ஏறி இறங்கி ஒரு தொகை திரட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிய துறவி, எனக்கு இன்னும் உத்தரவு கிடைக்கவில்லை, இதை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றுவிட்டார். அளசிங்கரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை எந்த வாழ்க்கை வரலாறும் எழுதி வைக்கவில்லை! பிறகு குரு ராமகிருஷ்ணர் கடல்மேல் நடந்து போய்க் கூப்பிடுவதாக ஒரு கனவு வந்தது. சாரதா தேவியிடமிருந்து ஆசிக் கடிதமும் வந்தது. மறுபடி வசூல். ராஜஸ்தானத்தின் கேத்ரி மகாராஜாவும் கைகொடுத்தார். 1893 மே 31 அன்று பம்பாயில் ‘பெனின்சுலர்’ கப்பலில் ஏறியபோது துறவியின் பெயர் விவேகானந்தர் என்று நிலைத்திருந்தது. அமெரிக்காவில் எந்தத் தேதியில், யாரிடம், எந்தக் கடிதத்தோடு போய் நிற்க வேண்டும் என்பதுதான் அவருக்கோ அனுப்பியவர்களுக்கோ தெரியவில்லை.

ஜூலை கடைசியில் சிகாகோ போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மாநாடு செப்டம்பரில். அறிமுகச் சான்று இல்லாதவருக்கு மேடை கிடையாது. பிரதிநிதிகளைச் சேர்க்கும் காலமும் முடிந்துவிட்டது. சிகாகோவில் அறை வாடகை நாளுக்கு நாள் கையிருப்பைத் தின்றது. செலவு குறைவு என்று பாஸ்டன் ரயிலில் ஏறினார். அந்த ரயிலில் கேட் சான்பார்ன் என்ற எழுத்தாளர் இந்த விசித்திர உடைக்காரரோடு பேச்சுக் கொடுத்து, தன் பண்ணை வீட்டுக்கு அழைத்தார். அந்த அறிமுகத்தின் வழியே ஹார்வர்டின் கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜான் ஹென்ரி ரைட் கிடைத்தார். ரைட் பரிந்துரைக் கடிதமும் கொடுத்து, சிகாகோவுக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் சிகாகோவில் இறங்கியபோது, போக வேண்டிய முகவரி எழுதிய காகிதத்தைக் காணவில்லை.

அன்றிரவு ரயில்வே யார்டில் ஒரு சரக்குப் பெட்டிக்குள் தூங்கினார். காலையில் வீடு வீடாகப் போய் வழி கேட்டார். கதவுகள் முகத்தில் அறைந்து சாத்தப்பட்டன. களைத்துப்போய்த் தெருவோரம் உட்கார்ந்தவரை எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண்மணி பார்த்தார். ஹேல் என்ற குடும்பத்தின் தலைவி. கீழே இறங்கி வந்து, மாநாட்டுக்கு வந்தவரா என்று கேட்டார். செப்டம்பர் 11 அன்று மாநாட்டு மேடையில் அவர் பேசியதை எல்லோரும் அறிவார்கள், கைதட்டல் உட்பட. இந்தக் கதை அந்தக் கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் தொடங்குகிறது.

புகழ் வந்தது. கூடவே ஊர் ஊராகச் சொற்பொழிவு. ஒப்பந்தக் கம்பெனி பிழிந்தெடுத்தது. ஒரு கட்டத்தில் அலுத்துப்போய், மேடையை விட்டு 1895 ஜனவரியில் நியூயார்க்கில் மேற்கு 33-ஆம் தெருவில் சாதாரண அறைகளை வாடகைக்கு எடுத்தார். கட்டணம் இல்லாத வகுப்பு. நாற்காலிகள் தீர்ந்து ஆட்கள் தரையில் உட்கார்ந்தார்கள், பிறகு அலமாரி மேல், பிறகு மாடிப்படியில். வந்தவர்களில் பலர் ஆவியோடு பேசுகிறவர்கள், மனோவசியம் தேடுகிறவர்கள், மனத்தாலேயே நோயைத் தீர்க்கலாம் என்று நம்புகிறவர்கள். அவர்களுக்கு வேதாந்த விளக்கம் போதவில்லை. ஏதாவது செய்துகாட்டுங்கள், நாங்கள் செய்யும்படி ஏதாவது கொடுங்கள் என்றார்கள். விவேகானந்தருக்கு உண்மையான சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது.

யோகத்தில் செய்வதற்கு ஏராளமாக இருந்தது. அவர் பாடமாக எடுத்துக்கொண்ட பதஞ்சலியின் சூத்திரங்கள் இருநூறுக்குச் சற்றுக் குறைவு. அதில் ஆசனத்துக்கு மூன்றே சூத்திரம், பிராணாயாமத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில. எப்படி உட்காருவது, எத்தனை எண்ணுவது என்ற செய்முறை அதில் இல்லை. பிற்கால நூல்களில் உண்டு. நம் திருமூலர் கணக்கோடே சொல்லியிருக்கிறார்: உள்ளிழுக்கப் பதினாறு மாத்திரை, அடக்க அறுபத்து நான்கு, வெளிவிட முப்பத்திரண்டு. ஒன்றுக்கு நான்கு, நான்குக்குப் பின் இரண்டு. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் குருவின் காலடியில் உட்கார்ந்து, சாப்பாடு முதல் தூக்கம் வரை மாற்றிக்கொண்ட சீடனுக்கு. ஆபீஸ் முடிந்து, இறுக்கமான உள்ளாடையும் ஓவர்கோட்டுமாக வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் நியூயார்க் பெண்மணி அறுபத்து நான்கு எண்ணும்வரை மூச்சை அடக்கினால் என்ன ஆகும்?

அவர் செய்த காரியம் வெளிப்பார்வைக்கு மிகச் சிறியது. ஏணியின் முதல் படிக்கும் கீழே இன்னொரு படி வைத்தார். மார்பு, கழுத்து, தலை மூன்றும் நேராக இருக்கும்படி உட்கார வேண்டும். மூச்சை அளவாக இழுத்து, அளவாக விட வேண்டும். அவ்வளவுதான். அடக்கல் இல்லை, மூக்கை அடைப்பதும் இல்லை. ஒன்று இரண்டு என்று எண்ணுவதற்குப் பதில் ஓம் என்றோ, பிடித்த வேறொரு புனிதச் சொல்லையோ மனத்துக்குள் சொல்லலாம். இதையே சில நாட்கள் செய்து உடம்பு சீரான பிறகுதான் ஒரு நாசியால் இழுத்து மறு நாசியால் விடுவது. அடக்கல் அதற்கும் பின்னால், அதுவும் நான்கு விநாடி இழுத்து, பதினாறு அடக்கி, எட்டில் விடுவது. திருமூலர் சொன்ன அதே விகிதம்தான், அளவு கால்பங்கு. முகத்தின் கடுமை போகும், குரல் இனிமையாகும் என்றுகூட ஆசை காட்டினார். யோகத்தில் ரகசியம் என்று எது சொல்லப்பட்டாலும் தூக்கி எறியுங்கள் என்று அடித்துச் சொன்னவர் அவர். ஆனால் மூச்சில் தொடங்குவானேன் என்று வகுப்பில் எவரும் கேட்டிருந்தால், அதற்கும் ஒரு கதையைத் தயாராக வைத்திருந்தார்.

அரசனின் கோபத்துக்கு ஆளான மந்திரி ஒருவன் உயரமான கோபுரத்தின் உச்சியில் அடைக்கப்பட்டான். இரவில் மனைவி கீழே வந்து நின்றாள். நீண்ட கயிறு, முரட்டு நூல், மெல்லிய நூல், பட்டு இழை, ஒரு வண்டு, கொஞ்சம் தேன் கொண்டு வா என்றான். அவள் குழம்பினாலும் கொண்டுவந்தாள். வண்டோடு பட்டு இழையைக் கட்டி, அதன் கொம்பில் தேனைத் தடவி, தலை மேல்நோக்கி இருக்கும்படி சுவரில் விடச் சொன்னான். தேன் முன்னால் இருக்கிறது என்ற நினைப்பில் வண்டு ஏறிக்கொண்டே போனது. உச்சியில் இழையைப் பிடித்தவன் அதனோடு மெல்லிய நூலை இழுத்தான், அதனோடு முரட்டு நூல், கடைசியில் கயிறு. இறங்கித் தப்பினான். மூச்சுதான் அந்தப் பட்டு இழை என்றார் விவேகானந்தர். அதைப் பிடித்தால் நரம்புகளின் ஓட்டம் பிடிபடும், பிறகு எண்ணம், கடைசியில் பிராணன். பிராணாயாமம் என்றால் ஆழமாக மூச்சுவிடும் பயிற்சி என்று நினைத்தவர்களை அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. நுரையீரலின் அசைவு கையில் கிடைக்கும் நுனி மட்டும். இதையெல்லாம் யாராவது எழுதி வைக்காவிட்டால் அறையோடு போயிருக்கும்.

எழுதியவர் சாரா எலன் வால்டோ என்ற சிஷ்யை. பதஞ்சலி சூத்திரங்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே வந்த விவேகானந்தர் திடீரென்று தியானத்தில் அமிழ்ந்துவிடுவார். எப்போது வாய் திறப்பார் என்று தெரியாது. பேனாவை மையில் தோய்த்தபடியே காத்திருந்தார் வால்டோ. 1895 டிசம்பரில் குட்வின் என்ற ஆங்கிலேயச் சுருக்கெழுத்தாளரும் சம்பளத்துக்கு வந்து சேர்ந்தார், சீக்கிரமே சம்பளம் வேண்டாம் என்று சீடராகிவிட்டார். 1895–96 குளிர்காலச் சொற்பொழிவுகள் ‘ராஜயோகம்’ என்ற ஆங்கிலப் புத்தகமாக 1896-இல் லண்டனில் வெளிவந்தன. அதே ஆண்டில் ரஷ்யாவில் டால்ஸ்டாய் அதைப் படித்தார். 1902-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் தன் நூலில் அதைக் குறிப்பிட்டார். குருவின் நேரடித் துணையில்லாமல் யோகம் பயில்வது ஆபத்து என்று முன்னுரையிலேயே எச்சரித்திருந்தார் விவேகானந்தர். முன்னுரையை யார் படிக்கிறார்கள்?

ஆசிரியர் தாய்நாடு திரும்பினார். 1897 ஜனவரி 15 கொழும்பு, பிறகு கண்டி, அநுராதபுரம், யாழ்ப்பாணம். அங்கிருந்து நீராவிக் கப்பலில் பாம்பன். ரயில் பாலம் வர இன்னும் பதினேழு ஆண்டுகள் இருந்தன. ஜனவரி 26 அன்று கடலிலேயே படகில் எதிர்கொண்டு வரவேற்றார் பாஸ்கர சேதுபதி. விழுந்து வணங்கினார். கரையில் வரவேற்பு முடிந்ததும் அரச வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, மக்களும் அரசருமாகச் சேர்ந்து வண்டியை இழுத்தார்கள். இறங்கிய இடத்தில் நாற்பது அடி உயரத்தில் நினைவுத் தூண் எழுப்பி, ‘சத்யமேவ ஜயதே’ என்று பொறிக்க வைத்தார் சேதுபதி. அந்தத் தேதி ஒருநாள் குடியரசு நாளாகும், அந்தச் சொல் ஒருநாள் நாட்டின் முத்திரை வாசகமாகும் என்று அன்று யாருக்குத் தெரியும்?

அவர் இறங்கிய கடலே மூச்சால் பிழைத்த கடல். மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்களும் முத்துக் குளிப்பவர்களும் தலைமுறை தலைமுறையாக மூச்சை அடக்கித்தான் சோறு உண்டார்கள். சங்கு குளிக்கும் உரிமை ராமநாதபுரம் அரச குடும்பத்துக்கு இருந்தது. யோசித்தால், துறவிக்கு உதவிய கஜானாவில் குளியாட்களின் அடக்கிய மூச்சும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. இன்றும் சின்னப்பாலம் பகுதிப் பெண்கள் கடலுக்குள் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் பறிக்கிறார்கள். அடக்குவது அவர்களுக்குத் தொழில். யோகம் தொடங்குகிறவருக்கு விவேகானந்தர் கொடுத்த பாடம் இதற்கு நேர் எதிரானது. மூச்சுப் பாடத்தைப் பற்றி ராமேஸ்வரம் கோவிலில் அவர் பேசுவார் என்று எதிர்பார்த்திருந்தால் அது நியாயமே, ஏனென்றால் பதினெண் சித்தர் மரபு பதஞ்சலியின் ஜீவசமாதி ராமேஸ்வரத்தில்தான் என்கிறது.

மறுநாள், ஜனவரி 27. கோவிலில் பேசினார். பதஞ்சலியைப் பற்றியோ மூச்சைப் பற்றியோ அல்ல, ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காணாதவன் லிங்கத்தில் காண்பது எதை என்பது பற்றி. அரசர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். நியூயார்க்கில் நிதானமாக மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தவர், பசித்த ஊரில் அதைப் பேச்சுக்கும் எடுக்கவில்லை. இப்படியாக மூச்சுப் பாடம் அது பிறக்கக் காரணமான மண்ணைத் தொட்டும் தொடாமல் போயிற்று. அதன்பின் வரிசையாக மரணங்கள்.

சுருக்கெழுத்துக் குட்வின் 1898-இல் ஊட்டியில் காய்ச்சலில் போனார், வயது முப்பதுகூட இல்லை. 1902 ஜூலை 4 அன்று விவேகானந்தர், வயது 39. 1903 டிசம்பரில் பாஸ்கர சேதுபதி, வயது 35. பாடம் அநாதையானது. அநாதைப் பிள்ளையைத் தத்தெடுக்க வந்தவர் யோகி ராமசரகர் என்பவர். மூச்சின் அறிவியல் பற்றி அவர் பெயரில் 1900-களின் தொடக்கத்தில் சிகாகோவில் வந்த சின்னப் புத்தகம் சக்கைப்போடு போட்டது. இந்திய யோகியைத் தேடிப் போனவர்களுக்குத்தான் ஆளே அகப்படவில்லை. ராமசரகர் என்ற பெயரில் எழுதியவர் வில்லியம் வாக்கர் அட்கின்சன், ஓர் அமெரிக்க வழக்கறிஞர்! ஆழமாக மூச்சு இழு, ஆரோக்கியம் வரும் என்ற பாதி உண்மையை உலகெங்கும் பரப்பியதில் அவருக்குப் பெரும்பங்கு. மீதிப் பாதியைச் சேர்க்க வேண்டியவர் மைசூரில் அரண்மனைச் சம்பளத்தில் இருந்தார்.

திருமலை கிருஷ்ணமாச்சாரியார். மைசூர் மகாராஜாவின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தியவர், 1934-இல் ‘யோக மகரந்தம்’ எழுதியவர். விவேகானந்தருக்கு ஹடயோகத்தில் நாட்டம் இல்லை, உடம்பை வளைப்பதோடு நின்றுவிடும் என்பது அவர் எண்ணம். கிருஷ்ணமாச்சாரியார் அங்கேயே மூச்சைக் கொண்டுபோய் வைத்தார். கையை உயர்த்தும்போது மூச்சு உள்ளே, முன்னால் குனியும்போது வெளியே. எந்த ஆசனத்தில் எத்தனை மூச்சு என்பதற்கும் கணக்கு. 1935-இல் பிரெஞ்சு மருத்துவர் தெரேஸ் பிராஸ் இதயத் துடிப்பைப் பதியும் கருவியோடு வந்து அவரைச் சோதித்தபோது, கருவியில் துடிப்பு ஏறக்குறைய மறைந்தே போனது. இதயத்தை நிறுத்திவிட்டார் என்று செய்தி பரவியது.

செய்தியின் மறுபாதி வர கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. வெங்கர், பாக்சி என்ற ஆய்வாளர்கள் இந்தியாவுக்கு வந்து, இதயத்தை நிறுத்துவதாகச் சொல்லப்பட்ட யோகிகளை மறுபடி சோதித்து 1961-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த யோகிகளில் முதியவரான கிருஷ்ணமாச்சாரியாரும் ஒருவர். இதயம் எங்கும் நிற்கவில்லை. மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, நாடி கைக்கு அகப்படாமல் போகிறது, அவ்வளவுதான். மயிர்க்கூச்செறிய வைத்த வித்தை சாதாரண உடலியல் ஆகிவிட்டது. ஆனால் அதே 1961-ஐ ஒட்டி, சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் அப்போது குடியிருந்த வீட்டு வாசலில் எந்தக் கருவியும் இல்லாமல் வேறொன்று நடந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. ஒரு வெளிநாட்டுப் பெண்மணி இறங்கி ஓடிவந்து, ஆசாரம் தவறாத அந்த வைணவப் பெரியவரைத் தெருவிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார். பார்த்துத் திகைத்தவர் அவருடைய மகன் தேசிகாச்சார், அப்போதுதான் பொறியியல் முடித்திருந்தவர். பல ஆண்டுகளாக மாத்திரை இல்லாமல் தூங்காத அந்தப் பெண், பெரியவரிடம் பயின்ற பிறகு முந்தின இரவு மாத்திரை இல்லாமல் தூங்கியிருக்கிறார். மகன் வேலைக்குப் போகும் எண்ணத்தையே விட்டு, அப்பாவிடம் மாணவராக உட்கார்ந்தார். 1976-இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் பிறந்தது. அங்கே ஆளுக்கேற்ற பாடம் என்பது சட்டம். மூச்சு திணறினால் ஆசனம் தவறு. மூச்சு நீளும் அளவுக்குத்தான் உடம்பு அசைய வேண்டும். ஏன் இது வேலை செய்கிறது என்பதற்கான விடை ஒரு ஜெபமாலையில் இருந்தது.

மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது, விடும்போது வேகஸ் நரம்பின் பிடி இறுகித் துடிப்பு தணிகிறது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது முறை ஓடும் மூச்சை ஆறுக்கு அருகில் கொண்டுவந்தால் இதயமும் ரத்த அழுத்தமும் ஒரே தாளத்தில் சேர்கின்றன. இத்தாலியில் லூச்சியானோ பெர்னார்டி குழுவினர் லத்தீன் ஜெபமாலையையும் திபெத்திய மந்திரத்தையும் சொல்ல வைத்துச் சோதித்து 2001-இல் வெளியிட்ட முடிவு இதுதான்: இரண்டும் மூச்சை நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற கணக்குக்கே கொண்டுவந்தன. எண்ணிக்கைக்குப் பதில் புனிதச் சொல்லை வைக்கச் சொன்ன நியூயார்க் பாடம் எதைத் தொட்டது என்பது நூறாண்டு கழித்துத் தெரிந்தது. பாடம் அரசாங்க முத்திரையோடு வீடு திரும்புவது மட்டும் பாக்கி இருந்தது.

2014 டிசம்பரில் ஐ.நா. சபை ஜூன் 21-ஐ யோகா தினமாக அறிவித்தது. இந்திய அரசு எல்லோருக்கும் பொதுவாக ஒரு பயிற்சிக் கையேடு தயாரித்தது. ராமநாதபுரத்துப் பள்ளி மைதானம் முதல் நியூயார்க் வரை அன்று காலையில் நடப்பது பெரும்பாலும் அதுதான். அதில் நாடிசோதனப் பிராணாயாமப் பகுதியில் தொடங்குபவர்களுக்கென்று ஒரு விதி உண்டு: இழுக்கும் நேரமும் விடும் நேரமும் சமமாக இருக்கட்டும். பழகிய பிறகு விடும் நேரத்தை மெல்ல மெல்ல இரட்டிப்பாக்கலாம். மைக்கில் ஆசிரியர் நிமிர்ந்து உட்காரச் சொல்லி, இழுங்க, விடுங்க என்று நிதானமாகச் சொல்லும் அந்தச் சில நிமிடம், எப்போது முடியும் என்று பிள்ளைகள் நெளிந்துகொண்டிருக்கும் அந்தச் சில நிமிடம்தான், மாடிப்படியில் உட்கார்ந்த நியூயார்க் கூட்டத்துக்காக வைத்த கீழ்ப்படி. ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கக் கூடாது என்று நல்ல ஆசிரியர்கள் அப்போதே சொல்லிவிடுகிறார்கள். மற்றவர்களுக்கும் முதல் நாளில் அடக்கல் கிடையாது.